ஆறவிட்டு ஊற்றிய நீர்

எங்கள் ஜீப்பில் ஓட்டுபவரின் இடக்கைப் பக்கம் தரையிலிருந்து மூன்று கம்பிகள் எழுந்து நிற்கும். நீளமானது கியர் மாற்றுவதற்கு. அதற்கடுத்தது, சேற்றிலும் மேட்டிலும் வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டுவதற்கு. மூன்றாவது, தலையில் கறுப்பு உருண்டை பொருத்திய குட்டைக் கம்பி, பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களையும் சேர்ந்து இழுக்கச் செய்வதற்கு. நான் சொல்ல எடுத்துக்கொண்ட ஆண்டுகளில் அந்த மூன்றாவது கம்பிக்கும் வண்டிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் மணலில் சக்கரம் புதையும் ஒவ்வொரு முறையும் என் தம்பியின் கை தானாகவே அதனிடம் போகும். இழுப்பான், அது எளிதாக வரும், ஒன்றும் நிகழாது.

அரசுத் துறையொன்று கழித்துவிட்ட வண்டிகளை வேலூரில் ஏலம் விட்டபோது, எழுபதுகளின் தொடக்கத்தில், நானும் தம்பியும் சேர்ந்து அதை எடுத்தோம். நான் திருவண்ணாமலையில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியன். வாரம் முழுவதும் நகரில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை பிற்பகல் ஊருக்குப் போவேன். தம்பி அப்பாவுடன் ஊரிலேயே இருந்து கழனியைப் பார்த்தான். போளூர்ச் சாலையில் பேருந்தை விட்டு இறங்கினால் எங்கள் ஊருக்கு மூன்று மைல். நடுவில் அகன்றதொரு மணல் ஓடை. அதைக் கடந்தால் ஏரிக்கரை. வேர்க்கடலை மூட்டைகளை மாட்டு வண்டியில் நகரத்து மண்டிக்குக் கொண்டு சேர்க்க ஒரு நாள், திரும்பி வர மற்றொரு நாள். ஜீப் வந்தபின் அது காலையில் போய் உச்சிப் பொழுதுக்குள் திரும்பும் வேலையாயிற்று. பின்னிருக்கைகளைப் பெயர்த்துவிட்டு மரப்பலகை அடித்தோம். கூண்டைக் கழற்றித் தார்ப்பாய் கட்டினோம். எரு, விதை, உழவுச் சாமான், அறுத்த நெல் எல்லாம் அதில் ஏறின.

பெட்ரோல் விலை ஏறியபோது வண்டி ஓராண்டுக் காலம் மாட்டுக் கொட்டகையில் மாடுகளோடு நின்றது. பிறகு, அந்நாளில் பலரும் செய்ததை நாங்களும் செய்தோம். பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு, நொறுங்கிப்போன ஒரு வேனிலிருந்து எடுத்த டீசல் எஞ்சினைப் பொருத்தச் சொன்னோம். வேலையைச் செய்தவர் நகரில் புளியமரத்தடியில் பட்டறை வைத்திருந்த ஒரு முதியவர். எல்லாருக்கும் அவர் பாய்தான். டீசல் எஞ்சினின் அடிவயிறு பெரியது. அது முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின்மேல் இடித்தது. தண்டைக் கழற்றிவிட வேண்டும் என்றார்.

"அப்ப முன்சக்கரம் இழுக்காதா பாய்?" என்றான் தம்பி.

"எதுக்குப்பா இழுக்கணும்? கார்த்திகைக்கு மலைமேல தீபக் கொப்பரைய நீயா ஏத்திக்கினு போகப்போற? கடலை மூட்டைதானே?"

"ஓடையில மணல் ஜாஸ்தி பாய்."

"மூட்டையக் கம்மி பண்ணு."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், தம்பியும் சிரித்தான். தண்டு கழன்றது, கம்பி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. வண்டியை எடுத்த அன்று, தம்பி அதற்கு மாலை கட்டிக்கொண்டிருந்தபோது, பாய் என்னைத் தனியே அழைத்தார்.

"வாத்தியாரே, அவரு மாலை போடற ஆளு. உங்ககிட்ட சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. மாசத்துக்கு ஒரு தபா ரேடியேட்டர் தண்ணிய மாத்தணும். வண்டி ஓடி வந்து நின்னதும், சூடா இருக்கும்போதே, அடித் திருகைத் திறந்து வுட்டுடணும். ஆற வுட்டீங்கன்னா துருவெல்லாம் அடியில குந்திக்கும். அப்புறம் வராது."

நான் மனத்தில் வைத்துக்கொண்டேன். பாடம் கேட்பதில் நான் ஒருபோதும் குறைவைத்ததில்லை.

எங்கள் குடும்பம் அப்பகுதியின் பழைய சமண நயினார் குடும்பங்களுள் ஒன்று. ஊரில் எங்களுக்கென்று ஒரு கோயில் உண்டு. அப்பா கதிரவன் மறைந்தபின் ஒன்றும் உண்ணமாட்டார். குடிநீரை இரட்டையாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை நீர் எடுத்த கிணற்றிலேயே திரும்ப அலசி விடுவார். சுடுநீரை மண்ணில் கொட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எவரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்ட ஒழுக்கம். சோறு வடித்த கஞ்சியானாலும் ஆறிய பிறகே வாசலைத் தாண்டும். மண்ணில் ஊர்வனவற்றின் பொருட்டு.

முதல் மாதம் நான் ஊரில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி மண்டியிலிருந்து வந்து வண்டியை நிறுத்தினான். ரேடியேட்டரின் மூடியருகே ஆவி மெல்லக் கசிந்தது. அவன் குனிந்து அடித் திருகில் கை வைத்தபோது அப்பா வந்தார்.

"என்னடா பண்ற?"

"தண்ணி மாத்தறேன்பா."

"கொதிக்குதே. ஆறட்டும்."

தம்பி என்னைப் பார்த்தான். பாய் சொன்னதைச் சொன்னேன். சூடாக இருக்கும்போதே விடாவிட்டால் துரு அடியில் தங்கிவிடும் என்றேன். அப்பா சினங்கொள்ளவில்லை, சற்று நேரம் எண்ணிப் பார்த்தார்.

"துருவுக்கு உயிர் இல்ல. எறும்புக்கு இருக்குது. காலையில வுடு. வண்டி எங்கயும் ஓடிடாது."

அந்த வாக்கியத்தில் பிழை காண என்னால் இயலவில்லை. இன்றும் இயலவில்லை. மறுநாள் விடியலில் தம்பி திருகைத் திறந்தான். நீர் தெளிவாக வந்தது. அப்பா புதுநீரைத் தம் துணியில் வடிகட்டிக் கொடுக்க, தம்பி ஊற்றினான். ஒவ்வொரு மாதமும் அவ்வாறே நடந்தது. ஒரு மாதமும் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் நீர் தெளிவாகவே வந்தது. அத்தெளிவைக் கண்டு, வண்டி நலமாக இருக்கிறது என்று மூவரும் நம்பினோம். அழுக்கு வெளியே வரவில்லை என்பதை, அழுக்கே இல்லை என்று படித்துக்கொண்டோம். சாலையில் ஓடும்போது எதிர்க்காற்று எஞ்சினைக் குளிர்வித்து, அதன் நோயை எங்களிடமிருந்து மறைத்தது.

நான்காண்டுகள் இப்படிச் சென்றன. அவற்றின் இறுதியில் தம்பிக்கு அடுத்தடுத்து இரு போகங்கள் பொய்த்தன. ஒன்றைப் பூச்சி தின்றது. மற்றொன்றை ஏரி உடைப்பு கொண்டுபோயிற்று. அப்பா ஒரு மாலை, உணவை முடித்துக் கை கழுவிய பின், எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"மூணாவதும் இப்பிடியே போச்சுனா கழனியக் குத்தகைக்கு வுட்டுடறேன். நீ மெட்ராஸ் போயி உங்க மாமாவோட இரும்புக் கடையில நில்லு. எனக்கும் வயசாவுது. தினம் உன் வாடின மூஞ்சப் பாக்க முடியல."

தம்பி மறுக்கவில்லை. "சரிப்பா" என்றான். அவனுக்கு மண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று எழுதினால் அது மிகை. வேறொன்றையும் அவன் விரும்பவில்லை என்பதே சரி. மாமா கடையில் ஒருமுறை பத்து நாள் இருந்துவிட்டு, அந்தக் கடை இருந்த மணலியின் மண்ணை மண் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே திரும்பியவன் அவன்.

மூன்றாவது போகம் நவரைப் பட்டத்து நெல். எட்டுக் கழனியிலும் பயிர் ஒரே சீராக எழுந்தது. பங்குனி பிறந்தபோது கதிர் வெளிவந்து பால் பிடிக்கத் தொடங்கியது. அந்த வாரம் ஊருக்கு வெளியே இருந்த மின்மாற்றி எரிந்துபோயிற்று.

கிணற்றில் நீர் இருந்தது. அதை மேலே கொணர மின்சாரம் இல்லை. கம்பத்தைப் பார்க்க வந்த மின்பணியாளர் பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகும் என்றார். பால் பிடிக்கும் நெல்லுக்குப் பத்து நாள் என்பது ஓர் ஆயுள். ஊரில் இருந்த இரண்டு ஆயில் எஞ்சின்களும் அவற்றின் உடைமையாளர் கழனிகளுக்கே போதவில்லை.

தம்பிக்கு ஜீப் நினைவுக்கு வந்தது. கடலை உடைக்கும் எந்திரத்தை ஓட்டுவதற்காக முந்திய ஆண்டு பாய் ஓர் இரும்புக் கப்பி கடைந்து கொடுத்திருந்தார். பின்சக்கரம் ஒன்றைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் அதை மாட்டி, பெல்ட் போட்டு எந்திரத்தைச் சுழற்றலாம். அதைக் கொண்டே பம்பையும் சுழற்றலாம் என்றான். நான் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

கிணற்றங்கரையில் பம்பு மேடைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தோம். பெல்ட்டு நழுவாதிருக்க வண்டியை அங்குலம் அங்குலமாகத் திருப்பவே ஒரு காலைப்பொழுது போயிற்று. எஞ்சின் ஓடியது. கப்பி சுழன்றது. குழாய் இருமுறை காற்றை உமிழ்ந்துவிட்டு நீரைக் கக்கியது. தம்பி வாய்க்காலோடு ஓடினான். முதல் கழனியில் நீர் பாய்ந்தபோது வெடித்திருந்த மண் உறிஞ்சும் ஓசையை நின்றிருந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

அரை மணி நேரம் ஆகவில்லை. ரேடியேட்டர் மூடியைத் தூக்கிக்கொண்டு ஆவி சீறியது. எஞ்சினை நிறுத்தினோம். ஆறுவதற்கு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மறுபடியும் ஓட்டினோம், இம்முறை இருபது நிமிடம்.

"நின்ன இடத்துல ஓடுதில்ல, காத்து இல்ல, அதான்" என்றான் தம்பி. எஞ்சின் மூடியைக் கழற்றி எறிந்தான். ஈரச் சாக்கை ரேடியேட்டரின்மேல் போர்த்தினான். பந்தல் கால் நட்டு வண்டிக்கு நிழல் போட்டான். அப்பாவும் வந்துவிட்டார். அவர் கிணற்றடியில் நின்று குடம் குடமாக நீரை வடிகட்டினார். ஆவியாகிப் போனதற்கு ஈடாக நாங்கள் ஊற்ற ஊற்ற, அவர் துணியை மடிப்பதிலும் அலசுவதிலும் சற்றும் விரைவு காட்டவில்லை. தம்பி காத்து நிற்பான்.

"அப்பா, கொஞ்சம் சீக்கிரம்."

"ஊத்தற தண்ணியில புழு பூச்சி இருந்தா உள்ள போயி வேவும்டா. இரு."

அவர் வாய் இதைச் சொன்னதே தவிர, கண் பயிரின்மேல்தான் இருந்தது. இந்தப் போகம் வீடு வந்து சேர வேண்டும் என்று அவரும் விரும்பினார் என்பதை அன்று கண்டேன்.

மூன்று நாள்களில் மூன்று கழனி நனைந்தது. மூன்றாவதில் நீர் வரப்பைத் தொடுமுன்பே முதலாவது காயத் தொடங்கியது. தம்பி வயலுக்கும் வண்டிக்குமாக ஓடினான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இத்தனை நிமிடம் ஓடிற்று, இத்தனை நிமிடம் நின்றது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவே என்னால் ஆன உதவி.

நான்காம் நாள் முற்பகலில், ஒருமுறை மட்டும் சற்றுக் கூடுதலாக ஓடட்டும் என்று தம்பி விட்டான். நான் தடுத்திருக்கலாம். நீர் அப்போது நான்காவது கழனியின் பாதியில் இருந்தது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஓசை தடித்தது, வெண்புகை எழுந்தது, பிறகு நின்றது. எஞ்சின் எண்ணெயின் அளவுகோலை உருவிப் பார்த்தான் தம்பி. எண்ணெய், நீர் கலந்து, மோர் போல் வெளுத்திருந்தது.

அன்று மாலை, பக்கத்துக் கழனிக்காரர் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். குத்தகைக்கு விடும் எண்ணம் இருந்தால் தமக்கே விட வேண்டும் என்று ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தவர் அவர். அப்பா நீர் எட்டாத கழனிகளை ஒருமுறை பார்த்தார். பின்னர்த் தட்டை வாங்கிக்கொண்டார். தம்பி அப்போது ஈரச் சாக்குகளைப் பிழிந்து வேலியில் உலர்த்திக்கொண்டிருந்தான். வெற்றிலை கைமாறியதை அவன் பார்த்தான்.

மறுநாள் காலை ஓடையை நடந்து கடந்து, பேருந்தேறி, பாயை அழைத்து வந்தேன். அவர் வழியெல்லாம் தம்பியை வைதுகொண்டே வந்தார். வந்து சேர்ந்ததும் நேரே வண்டியிடம் போய்க் குனிந்தார். ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்து, அடியில் ஒரு கம்பியை விட்டுக் கிளறினார். செந்நிறச் சேறு கட்டி கட்டியாக விழுந்தது.

"இன்னாது இது? கேவுரு களி கிண்டற சட்டியா?"

ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினார்.

"மாசாமாசம் தண்ணி மாத்துனீங்களா?"

"ஒரு மாசம் தவறல பாய்" என்றான் தம்பி.

"சூடாவா?"

தம்பி தலை கவிழ்ந்தான். சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன்: சுடுநீரை மண்ணில் விடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, ஆறவிட்டு மறுநாள் விட்டோம், நீர் தெளிவாகத்தான் வந்தது. பாய் நகைக்கவில்லை. அவர் நகைத்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெளிவா வந்துதுன்னாலே தப்புதானே வாத்தியாரே. சரி. சுடுதண்ணி மண்ணுல வுழக்கூடாது, அதானே உங்க வழக்கம்? கீழ ஒரு எண்ணெய் டின்ன வெச்சுப் புடிச்சுட்டு, டின்னுல ஆற வுட்டு அப்புறமா ஊத்தியிருக்கலாமே."

 அப்பா எங்களுக்குப் பின்னால், தோளில் வடிகட்டும் துணியோடு நின்றிருந்தார். அவர் கேட்டார்.

"எவ்ளோ தண்ணி புடிக்கும் அதுக்குள்ள?"

"ஒரு டின்னு போதும் நயினாரே."

எங்கள் வீட்டுப் பின்கட்டில் காலி எண்ணெய் டின்கள் பதினைந்துக்குக் குறையாமல் அடுக்கியிருந்தன. தம்பி அவற்றில் ஒன்றை நீர் முகக்கும் ஏனமாக ஆக்கியிருந்தான். ஒன்றில் துளசி வைத்திருந்தான். நான்காண்டுகள் மாதந்தோறும் அவற்றைக் கடந்துதான் வண்டியருகே சென்றோம். பாய் சொன்னதையும் அப்பா சொன்னதையும் ஒருங்கே மனத்தில் வைத்திருந்தவன் நான் ஒருவனே. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தேன்; நடுவே ஒரு டின்னை வைக்க எனக்குத் தோன்றவில்லை.

எஞ்சினின் மேற்பாகம் வளைந்துவிட்டதென்று சொல்லிப் பாய் அதைக் கழற்றி வேலூர்க் கடைசல் பட்டறைக்கு அனுப்பினார். அது திரும்பி வர எட்டு நாள் ஆயிற்று. அதற்கு முந்திய நாளே மின்சாரம் வந்துவிட்டது. கிணற்று நீர் எட்டுக் கழனியிலும் தாராளமாகப் பாய்ந்தது. கதிர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அறுப்பின்போது கிணற்றை ஒட்டிய இரண்டு கழனிகளில் மட்டும் நெல் இருந்தது. ஏனையவற்றைத் தூற்றியபோது பதர் காற்றோடு போயிற்று. களத்தில் வைக்கோல்தான் எஞ்சியது.

அப்பா தம்பியிடம் ஒரே ஒருமுறை, கோயிலிலிருந்து வரும்போது, "இன்னொரு போகம் பாக்கலாமா?" என்று கேட்டாராம். "வெத்தல வாங்கிட்டீங்களேப்பா" என்றானாம் அவன்.  கொடுத்த வாக்கிலிருந்து அப்பா ஒருநாளும் பின்வாங்கியதில்லை. அவ்வாறு பின்வாங்கும் அப்பாவைத் தம்பியும் விரும்பியிருக்கமாட்டான்.

புறப்பட்ட நாளில் வண்டி நன்றாக ஓடியது. பழுது நீக்கி, ரேடியேட்டரைச் சோடாக் காரம் போட்டுக் கழுவிப் பாய் அனுப்பியிருந்தார். தம்பி ஓட்டினான், நான் அவனருகில், பின்பலகையில் அவனுடைய தகரப் பெட்டி. ஓடையின் நடுவில் பின்சக்கரங்கள் மணலில் புதைந்தன. அவன் கை அந்தக் குட்டைக் கம்பியிடம் போயிற்று. இழுத்தான். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"இதக் கழட்டிப் போட்டுடு அண்ணா. நான் இல்லன்னா எவனும் இழுக்கமாட்டான்."

இறங்கி மணலைப் பறித்தோம், தழை வெட்டிப் போட்டோம், வண்டி அசையவில்லை. பேருந்துக்கு நேரம் நெருங்கியது. அவன் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டான். நானும் உடன் வருகிறேன் என்றேன். வண்டியைத் தனியே விட வேண்டாம், மாடு கொண்டு வந்து இழுத்துக்கொள் என்றான். கரையேறி, பனைகளுக்கு அப்பால் மறையும்வரை அவனைப் பார்த்துக்கொண்டு மணலில் நின்றேன். அவனுக்கு நேர் எதிரே, தொலைவில், அண்ணாமலை தெரிந்தது.

அடுத்த மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, வண்டியைச் சாலைவரை ஓட்டிக்கொண்டுபோய்த் திரும்பி வந்து நிறுத்தினேன். திருகைத் திறக்கக் குனியுமுன் அப்பா பின்கட்டிலிருந்து ஒரு டின்னைக் கொண்டுவந்து கீழே வைத்தார். நீர் துரு கலந்து பழுப்பாக, ஆவியோடு விழுந்தது. அவர் டின்னை நிழலுக்கு நகர்த்தி, அருகில் ஒரு பலகையைப் போட்டு அமர்ந்துகொண்டார். நடுநடுவே விரலை விட்டுச் சூடு பார்த்தார். நன்றாக ஆறிய பின்னும் எழுந்திருக்கவில்லை.

"தண்ணி இப்பிடிப் பழுப்பா வருதுனு அவனுக்கு எழுதப்போறியா?" என்றார்.

"எழுதணுமா அப்பா?"

அவர் டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். தென்னையடியில் மண்ணைக் குனிந்து பார்த்து, ஓர் இடத்தைத் தேர்ந்து, நீரை மெல்லச் சாய்த்தார். நான் அவனுக்கு எழுதவில்லை.